கொம்பையாவின் சிறகும் ஒரு தொன்னைத் தவளைமுட்டையும்

ஒரு காட்டில், மழை வழி தவறிப் போய்விட்டதோ என்று எல்லோரும் சலித்துக்கொண்டிருந்த கோடையில், கொம்பையா என்ற இருவாச்சிப் பறவைக்குச் சிறகு ஒடிந்தது. காற்றே இல்லாத நாளில் ஒரு காய்ந்த கிளை தானாக முறிந்து அவர்மேல் விழுந்துவிட்டது.

ஒடிந்தது அவருடைய சிறகு. ஆபத்து அவருடைய மனைவி பூவாத்தாவுக்கு.

இருவாச்சிகளின் குடித்தனம் அப்படி. மனைவி மரப்பொந்துக்குள் போய், அலகு நுழையும் இடைவெளி மட்டும் விட்டு வாசலைச் சுவர் வைத்து அடைத்துக்கொள்வாள். உள்ளே சிறகுகளை உதிர்த்துவிட்டு முட்டையோடு உட்கார்ந்துவிடுவாள். குஞ்சு பொரித்து வளரும்வரை கணவன்தான் பறந்து பறந்து பழம் ஊட்ட வேண்டும். சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தால் அவள் பசி தீரலாம். ஆனால் முட்டை உடும்பின் வயிற்றுக்குப் போய்விடும்.

கொம்பையா ஓர் அணிலைக் கெஞ்சிப் பழம் கொடுத்தனுப்பினார். பாதிதான் மேலே போய்ச் சேர்ந்தது.

"ஏங்க, பழத்துல ஏன் அணில் வாசம் அடிக்குது?"

"மரமே அணில் வாசம்தான் புள்ள. சாப்பிடு."

ஒடிந்த சிறகை இழுத்துக்கொண்டு அவர் வைத்தியர் முள்ளம்பன்றியிடம் நடந்து போனார்.

"எலும்பு தூளாயிருச்சு அண்ணாச்சி. கட்டுப் போட்டா ஒட்டாது. புதுசா முளைக்க வைக்கணும்" என்றார் வைத்தியர்.

"எலும்பு முளைக்குமா?"

"தவளை முட்டை இருக்குல்ல, அதுல உள்ள அணுவெல்லாம் வச்ச புதுசுல கண்ணாகுறதா காலாகுறதான்னு முடிவு பண்ணியிருக்காது. எடுத்து உங்க எலும்புக்குப் பக்கத்துல குடிவச்சா, பார்த்துப் பார்த்து அதுவும் எலும்பாயிரும். ஒரு எலிக்குக் கால் முளைச்சிருக்கு."

"முட்டை என்னாகும்?"

வைத்தியர் தன் முட்களை நீவிக்கொண்டார். "முட்டை முட்டையா இருக்காது."

கொம்பையாவுக்குப் பொந்துக்குள் இருக்கும் தன் முட்டை நினைவுக்கு வந்தது. அந்த நினைப்போடுதான் தவளையிடம் போனார். யானையின் காலடி பதிந்த குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதில் தவளை முட்டையிட்டிருந்தது.

"எடுத்துக்கோங்க அண்ணாச்சி. இதுகளுக்கு வால் முளைக்கிறதுக்குள்ள தண்ணி வத்திரும்" என்றது தவளை.

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. வருத்தத்தை ஊத்திக் குழியை நிரப்ப முடியலையே."

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காட்டில் முட்டையை வைத்து யார் புதிதாக எது செய்தாலும் முட்டையறக் குழுவின் அனுமதி வேண்டும். விஷயம் தெரிந்தவர்களைத்தான் குழுவில் போடுவது வழக்கம். முட்டையில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்பதால் உடும்பு தலைவர். காகமும் சாரைப்பாம்பும் உறுப்பினர்கள்.

நாவல் மரத்தடியில் குழு கூடியது. பேசப்படும் பொருள் கண்முன் இருக்க வேண்டும் என்று ஒரு தொன்னையில் தவளைமுட்டைகளை நடுவில் வைத்தார்கள்.

"முட்டை என்பது ஒரு கனவு. அதைக் கலைக்க நாம் யார்?" என்றது காகம். காலையில் புறா வீட்டில் சாப்பிட்ட மஞ்சள் கரு அதன் அலகோரத்தில் காய்ந்திருந்தது.

"எத்தனையோ முட்டைகளைத் தொண்டையில வச்சு உணர்ந்திருக்கேன். உள்ளே ஒரு துடிப்பு இருக்கும். அதை மதிக்கணும்" என்றது சாரைப்பாம்பு.

"மதிச்சு?" என்றார் வைத்தியர்.

"மதிச்சுத்தான் விழுங்குவேன்."

உயிர் எப்போது ஆரம்பிக்கிறது என்பதே முதல் கேள்வி என்றது உடும்பு. ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்த்து, "இதில் ஆரம்பிக்கவில்லை" என்றது. காகம் ஒரு வாய் எடுத்து, "ஆரம்பித்துவிட்டது" என்றது. கருத்து வேறுபட்டதால் இருவரும் மறுபடி சுவைத்தார்கள். சாயங்காலம் தொன்னை காலியானதும் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் வேறொரு தொன்னை வந்தது. அன்றும் அப்படியே.

வேடிக்கை பார்க்க வந்த முயல் மட்டும் எழுந்து, "வத்துற குழியிலேர்ந்து இன்னைக்கு எடுக்கிறாங்க. மருந்து பலிச்சுட்டா, மருந்துக்காகவே நாளைக்குக் குழியை வத்த வைக்க மாட்டாங்களா?" என்று கேட்டது.

வைத்தியர் தலைகுனிந்துகொண்டார். இத்தனை நேரத்தில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது.

"நீ முட்டை சாப்பிடுவாயா?" என்று கேட்டது உடும்பு.

"இல்லை."

"அனுபவமில்லாத விஷயத்தில் பேசக் கூடாது. உட்கார்."

அன்று பொழுது சாயும்போது பூவாத்தாவின் குரல் நூலாக இளைத்திருந்தது. "ஏங்க, சுவரை இடிச்சிரட்டுமா?"

மரத்தின் வேரில் உடும்பு காற்று வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. "இடிக்கட்டுமே கொம்பையா. வீட்டுக்குக் காற்றோட்டம் நல்லதுதானே" என்றது.

கொம்பையா அதை ஏற இறங்கப் பார்த்தார். அதன் வயிறு நன்றாகத் தொங்கியிருந்தது.

"விடியட்டும் புள்ள. இடிச்சிராதே" என்றார்.

காலையில் புதுத் தொன்னை வந்தவுடன் அவர் எழுந்து நின்றார். "ஐயா, எனக்கு மருந்து வேண்டாம். மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"தர்மம் ஜெயித்தது" என்றது காகம்.

"ராத்திரியெல்லாம் பட்டினி. இந்தத் தொன்னையைப் பலகாரமா எடுத்துக்கலாமா?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "இதுக்குப் போய் அனுமதி கேட்பாங்களா? சாப்பாட்டு விஷயத்துல குழு தலையிடுறதே இல்லை" என்றது உடும்பு. காகம் தொன்னையை அவர் பக்கம் தள்ளிவிட்டது. "உப்புக்கல்லை ஒரு தடவை நக்கிட்டுச் சாப்பிடுங்க, எடுப்பா இருக்கும்" என்றது சாரைப்பாம்பு.

கொம்பையா தொன்னையை அலகில் கவ்விக்கொண்டு புதருக்குப் பின்னால் நடந்தார். அங்கே வைத்தியர் தன் முதுகிலிருந்து மெல்லிய முள் ஒன்றைப் பிடுங்கித் தயாராக வைத்திருந்தார்.

அணுவெல்லாம் எலும்பைப் பார்த்துப் பார்த்து எலும்பானது. பூவாத்தா அரைப்பட்டினியிலும் சுவரை இடிக்கவில்லை. ஒருநாள் பொந்து வாசலில் சிறகடிக்கும் சத்தம் கேட்டு அலகை நீட்டினாள்.

"ஏங்க, இந்தப் பழத்துல அணில் வாசமே இல்லையே."

"மரத்தை மாத்திட்டேன் புள்ள."

அதன்பிறகு அவர் ஓடையிலிருந்து அலகு அலகாகத் தண்ணீர் கொண்டுவந்து தவளையின் குழியில் விட்டுக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த முட்டைகளில் சிலவற்றுக்கு வால் முளைத்திருந்தது.

முயல் வந்து பார்த்துவிட்டு, "என் கேள்வி அப்படியே இருக்கு அண்ணாச்சி" என்றது.

"இருக்கட்டும். விடாம கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நடைக்குப் பறந்தார்.

பலகாரம் சிறகுக்குப் போகலாமா என்று விவாதிக்கக் குழு இப்போது அவசரமாகக் கூடியிருக்கிறது. நடுவில் ஒரு தொன்னை இருக்கிறது.

நீதி: உயிரைக் காப்பாற்ற என்று கேட்டால் கூட்டம் போடுவார்கள், பசிக்கிறது என்று கேட்டால் இலை போடுவார்கள். ஆகவே எதைக் கேட்டாலும் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்கவும்.