பனியில் ஒட்டிய ராணி

சொந்தமாக ஒரு வித்தை கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. இரண்டு அறையும் தனி அடுப்படியும் உள்ள ஒரு வீட்டை அதனால் தொலைத்தேன். என் மனைவி கோமதி அந்த அடுப்படியை இன்றுவரை மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

அப்போது மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில், இலை வாட்டும் மாடிக்கு நான் மேஸ்திரி. பறித்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்புவோம். ஈரம் போதிய அளவு வற்றியதா என்று விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு பிடி அள்ளினால் போதும், சொல்லிவிடுவேன். ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கரே என்னைக் கேட்டுத்தான் இலையை இறக்குவார். அந்த வேலைக்குத்தான் அந்த வீடு. (ஈரம் பார்க்கிற இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இதாலேயே அடி வாங்கப் போகிறேன்.)

இலை வாடும் நேரமெல்லாம் என் கையில் சீட்டுக்கட்டுதான். அப்படி உட்கார்ந்து இரண்டு வருஷத்தில் கண்டுபிடித்த வித்தை இது. கட்டின் மேல் சீட்டை நீங்களே எடுக்கிறீர்கள். கிளாவர் ஜாக்கி. எல்லோருக்கும் காட்டிவிட்டு நீங்களே கவிழ்த்து வைக்கிறீர்கள். நான் மேலே ஒரு தடவு தடவுவேன். மறுபடி எடுத்தால் ஹார்ட்டின் ராணி! உண்மையில், நீங்கள் முதலில் எடுத்தது ஒன்றாக ஒட்டிய இரண்டு சீட்டு, மேலே ராணி, அடியில் ஜாக்கி. என் கட்டைவிரல் அழுத்தத்தில் ஒட்டும், தடவலில் பிரியும். இரண்டு சீட்டை ஒன்றாகக் காட்ட எல்லா வித்தைக்காரனுக்கும் தெரியும், ஆனால் தன் கையால் காட்டுவான். பார்க்க வந்தவன் கையாலேயே காட்ட வைத்தவன் நான் ஒருவன்தான் என்று திமிர் தலைக்கேறிவிட்டது.

அந்தச் சமயம் பாலக்காட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. கொழிஞ்சாம்பாறை புரொபசர் சுப்பண்ணன் (புரொபசர் பட்டத்தை அவரேதான் கொடுத்துக்கொண்டார்) தன் வித்தைக் கம்பெனிக்குப் புதுச் சீட்டு உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கிறாராம். தொழில் தெரிந்தவர்களே திகைக்க வேண்டும், வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது. தேறினவனுக்குக் கம்பெனியில் இடம், அவர்களோடு ரங்கூன் பயணம்.

"போறது போங்க, வேலைய எதுக்கு விடுதீக?" என்றாள் கோமதி.

"ரங்கூனுக்குப் போகப் போறவனுக்கு இலை வாட்டுற வேலை எதுக்குட்டி?"

டீமேக்கரிடமும் ஒரு பிரசங்கம் செய்தேன். "ஒம்ம இலைய இனி நீரே தொட்டுப் பாரும்" என்று முடித்ததாக ஞாபகம். அந்த வாயில் அன்றைக்கே கொள்ளிக்கட்டையை வைத்திருக்க வேண்டும்.

பாலக்காட்டில் கல்பாத்தி ஆற்றங்கரையில் ஒரு வீட்டு மாடி. தை மாதம். கணவாய்க் காற்று ஜன்னல் வழியாகச் சுழன்றடித்தது. உதடெல்லாம் வெடித்து எரிந்தது. எதிரே பத்துப் பேர், எல்லாம் பழம் தின்று கொட்டை போட்ட வித்தைக்காரர்கள். நடுவில் சுப்பண்ணன், பக்கத்தில் ராமசுப்பையர் என்ற பெரியவர். கட்டை அழுத்திப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் ஒரு சீட்டை எடுத்தார். ஒரு சீட்டுதான் வந்தது. ராணி! ஜாக்கி கட்டிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி அழுத்தினேன். சீட்டெல்லாம் வெயிலில் போட்ட அப்பளமாக வளைந்து கிடந்தது. இந்தத் தடவை ஜாக்கி காற்றோடு ஜன்னலுக்கு வெளியே போய்விட்டான். அப்போதுதான் புத்திக்கு எட்டியது. இரண்டு வருஷமாகச் சீட்டை ஒட்டியது என் கட்டைவிரல் இல்லை, மூணாற்றுப் பனி. இலையில் ஈரம் பார்த்தே சம்பளம் வாங்கியவன், கையில் இருந்த சீட்டின் ஈரத்தைப் பார்க்கவில்லை!

அதோடு வணக்கம் சொல்லிக் கிளம்பியிருக்கலாம். விதி விட்டதா? மூன்றாம் தடவை கட்டைவிரலை நாக்கில் வைத்து, சளக்கென்று நனைத்து, சீட்டில் தேய்த்து, நீட்டியும் விட்டேன். ஐயரும் வாங்கிவிட்டார். பிறகுதான் விரலில் ஈரம் பட்டது.

"ராம ராமா! எச்சலாக்கும் இது! எச்சலை என் கையில கொண்டு வைக்கறானே, கடங்காரன்!"

சீட்டை உதறிவிட்டு, கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். ஒட்டியதும் அந்த ஒரு தடவைதான். தரையில் ராணியும் இஸ்பேட் பத்தும் பிரியாமல் கிடந்தன. பார்க்கத்தான் யாரும் இல்லை. எல்லோரும் ஜன்னலில் நின்று, ஐயர் முழுக்குப் போடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கடைக்குக் கூட்டிப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங்க தம்பி, மலைல இது நெசமாலுமே ஒட்டுச்சுங்களா? எந்த வெரல்ல அழுத்துவீங்க?"

கேட்கக் கேட்கச் சொன்னேன். அழுத்துகிற இடம், தடவுகிற திசை, பேசுகிற பேச்சு, ஒன்று பாக்கியில்லை. அப்படி ஒரு மனிதன் என்னைக் கவனித்துக் கேட்டதே கிடையாது.

"மனசு உட்டுறாதீங்க. சொல்லி அனுப்பறமுங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பிச் சிரித்துக்கொண்டே மலை ஏறினேன், மடையன்.

மாடிக்கு வேறு ஆள் போட்டாயிற்று. எனக்குக் கிடைத்தது கொதிகலனுக்கு விறகு அடுக்குகிற வேலையும், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறையும். அந்த அறையிலேயே கோமதி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள்.

மறு வருஷம் எஸ்டேட் திருவிழாவுக்குச் சுப்பண்ணன் கம்பெனியே வந்தது. கடைசி உருப்படிக்கு முன்னால், "இது என்ற சொந்த மூளைல உதிச்சதுங்க" என்று நெஞ்சில் தட்டினார். பிறகு சீட்டு எடுக்கக் கூட்டத்திலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டார். என்னைத்தான். தெரிந்து கூப்பிட்டாரா, விறகுக் கரியில் முகம் தெரியவில்லையா, அது அவருக்கே வெளிச்சம்.

எடுத்தேன். ஜாக்கி. காட்டினேன், கவிழ்த்தேன். அவர் என் தடவல் தடவினார். மறுபடி எடுத்தேன். ராணி! விரலில் மெழுகு பிசுபிசுத்தது. (அட பாவி, இந்த ஊரில் மெழுகே வேண்டாமே!) கத்தியிருக்கலாம். கத்தினால், எச்சில் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராணியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினேன். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"பாத்தியாலே, வித்தைன்னா இப்படி இருக்கணும்" என்றார் டீமேக்கர்.

இப்போதும் எங்கள் வீட்டில் ஒரு தபால் உறை ஒட்டாவிட்டால், "தாத்தாகிட்ட குடு, எச்சில் போட்டு ஒட்டுவாரு" என்று பேரப்பிள்ளைகள் கத்துவார்கள். நானும் சிரித்துவைப்பேன். கோமதிதான் சிரிக்க மாட்டாள். அவளுக்கென்று ஒரு வாசகம் இருக்கிறது, எல்லோரும் ஓய்ந்த பிறகு சொல்லுவாள்.

"அவன் திருடினது நல்லதாப் போச்சு. ஒங்க வித்தை ஒரு நாளாவது ஒழுங்கா நடந்து நான் கண்ணால பாத்தேன்லா."