காதில்லாதவர்களுக்குக் கம்மல்

கள்ளக்குறிச்சி

தியாகதுருகத்தில் என்மேல் கோபமாக இருக்கும் அண்ணன் சின்னக்கண்ணுவுக்குத் தங்கை ஜெயசுதா வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நான், உன் மச்சான், தமிழ்மொழி மூவரும் நலம். கவனி, மூவர்தான். கரியாலூர் ரோட்டில் நீ கட்டியிருக்கும் ஃபிளெக்ஸில் உள்ளதுபோல ஆறு பேர் அல்ல.

வரும் வெள்ளிக்கிழமை தமிழ்மொழிக்குக் காது குத்து. தாய்மாமன் ஃபிளெக்ஸ் வைப்பது முறைதான், வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கள் மூவர் படத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருக்கும் மூன்று கருக்களுக்கும் படத்துக்குப் பதில் வெறும் வட்டமாகப் போட்டு, பாரதி, அபிநயா, சுபஸ்ரீ என்று பெயரும் வைத்து, 'தாய்மாமன் மடி காத்திருக்கிறது' என்று அடித்துவிட்டாய். உன் மச்சான் தினமும் அந்த வழியாகத்தான் மினி பஸ் ஓட்டுகிறார். மலையிலிருந்து வரும் பாப்பாத்தியம்மா, "இன்னா தம்பி, மூணு புள்ளைங்க மூஞ்சியே காணோம், எங்க போச்சிங்க?" என்று கேட்க, இவர் பதறிப்போய், "ஆஸ்பத்திரில இருக்குதுங்கம்மா" என்று சொல்ல, பஸ் முழுக்க ஒரே அழுகை. மறுநாள் மூன்று பாட்டில் தேன் வந்து சேர்ந்தது. இது போதாதென்று நீ ஆஸ்பத்திரிக்கே போய், "ஐஸ்ல போட்டு வெச்சிக்கினு இருக்கீங்களே, புள்ளைங்களுக்குக் குளுராதா?" என்று சண்டை பிடித்து, நர்ஸிடம் மூன்று ஜோடிக் கம்மலை நீட்டியிருக்கிறாய். காதே இல்லாதவர்களுக்குக் கம்மல் வாங்கிய தாய்மாமன் இந்த ஜில்லாவில் நீ ஒருவன்தான் அண்ணா.

கருக்களை ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்போகிறோம் என்று நான் சொன்னதற்கு, "ஆராய்ச்சிக்குக் குடுத்தா அது கொலைம்மா. குடுத்தீன்னா எம்மடி கெடையாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். என்னைப் பேசவிடாததால் எழுதுகிறேன். என் முட்டையையும் உன் மச்சானின் உயிரணுவையும் கண்ணாடித் தட்டில் சேர்த்து ஐந்து நாள் வளர்த்ததுதான் அது. ஊசிமுனை அளவு உருண்டை. இதயமும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் உள்ளே இருக்கும் சிறு செல் கூட்டத்தை எடுத்து வளர்த்தால், உடம்பின் எந்த உறுப்புக்குரிய செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் கிடைக்குமாம். எடுத்த பிறகு அந்தக் கரு இருக்காது. அதை டாக்டரம்மா மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. அதை வைத்துச் சர்க்கரை நோய்க்கு நாளைக்கே மருந்து வந்துவிடும் என்றும் அவர் சொல்லவில்லை. விற்கக் கூடாது, நாங்கள் இருவரும் சம்மதிக்காமல் தொடவும் கூடாது. அது உயிரா என்று கேட்டேன். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா, நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்" என்றார். அவருக்கே தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? சும்மா விட்டால் என்றைக்காவது உருகவிட்டுக் கொட்டிவிடுவார்கள். அதற்கு நீ ஃபிளெக்ஸ் அடிப்பாயா? சர்க்கரையில் கால் போன அப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நீ. இன்னொரு வீட்டில் ஒருவன் அப்படி அலையாமல் இருக்க உதவட்டுமே என்றுதான் நினைத்தேன். அத்தனை ஊசியும் குத்திக்கொண்டது என் உடம்பு. நீ சொன்னாலும் சரி, குலதெய்வமே மலையிலிருந்து இறங்கி வந்து சொன்னாலும் சரி, மூன்றையும் கொடுப்பது கொடுப்பதுதான். பெயர் வைத்துவிட்டால் பிள்ளையாகிவிடுமா?

நாளைக்கு இருவரும் போய்க் கையெழுத்துப் போடுகிறோம். உன் மடி இல்லாவிட்டால் என் மடியிலேயே உட்காரவைத்துக் காது குத்துவேன். ஊர் பேசுவதைப் பேசிக்கொள்ளட்டும்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஜெயசுதா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டோம். இரண்டைக் கொடுத்துவிட்டோம், அதில் எனக்கு வருத்தமில்லை. மூன்றாவதற்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. சுபஸ்ரீயை வைத்துக்கொண்டோம். தை மாதம் என் வயிற்றில் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. தங்குமா என்று தெரியாது. வெள்ளிக்கிழமை நேரத்தோடு வந்துவிடு, தமிழ்மொழி மாமன் மடி வேண்டும் என்கிறாள். கம்மலில் இரண்டு ஜோடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திரு.