மெடல் முதலாளியின் பயாஸ்கோப் பெரட்டு

இலங்கை மலைநாட்டில், பதுளையில் நான் பார்க்காத தொல்லை கிடையாது. அட்டை கடித்திருக்கிறது. அடைமழையில் கடைக்குள் வெள்ளம் புகுந்து மூட்டை மூட்டையாகத் துணி நனைந்திருக்கிறது. மலைக் காய்ச்சலில் கிடந்து பிதற்றியிருக்கிறேன். இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, மெடல் முதலாளியை இன்னொரு தட்டில் உட்கார வைத்தால், அவர் பக்கம்தான் தரையில் இடிக்கும். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்த மாத்திரத்தில் பல்லைக் கடிக்க வைக்கிற மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ரயில் இன்னும் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. நான் பதுளை பசாரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது பக்கத்துச் சோடாக் கடையின் பின்னறையில். அந்தச் சோடாக் கடைக்காரர்தான் பின்னாளில் மெடல் முதலாளி ஆனவர். சொந்தப் பெயர் என்ன என்று அவர் வீட்டிலேயே குடியிருந்த எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லை. சோடாக் கடை வைப்பதற்கு முன்னால் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வேலையை விட்டு வந்தாரே தவிர குரலை அங்கே விட்டுவிட்டு வரவில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு எடுப்பார்களே, பெரட்டு என்று, அதில் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு உரமேறிய குரல். காலையில் அவர் "தம்பி, காப்பி!" என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாராவது எழுந்து உட்காருவார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை வெயில் காலத்தில் பயாஸ்கோப் கொட்டகை வரும். ஊமைப் படம். திரையில் ஓடுகிற வெள்ளைக்காரர்களைப் பார்க்க ஊரே போகும். ஒரு தடவை பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கும். முதலாளி அப்படியா? கொட்டகை இருக்கிற வரைக்கும் தினமும் போவார். போகட்டும், யார் வேண்டாமென்றது? என்னையும் இழுத்துக்கொண்டு போவார். போய்ச் சும்மா உட்காருவாரா? கதாநாயகன் கூரையிலிருந்து குதித்தால், "பாத்து, பாத்து, காலு போயிரும்!" என்று எழுந்துவிடுவார். முந்தின நாளும் அதே கூரையிலிருந்து அவன் குதித்து நன்றாகத்தான் இருந்தான் என்று சொன்னால், "இன்னைக்கு வழுக்குதுல்ல" என்பார்.

ஒரு நாள் படம் முடிந்து வரும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"தம்பி, இவ்வளவு பாடுபடறாங்களே, இவங்களுக்கு யாராச்சும் ஒரு மரியாதை செஞ்சாங்களா?"

"அவங்களுக்குச் சம்பளம் இருக்கும் முதலாளி."

"சம்பளம் எல்லாருக்குந்தான் இருக்கு. நல்லாச் செஞ்சேன்னு ஒருத்தன் சொல்ல வேணாமா?"

சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் பிசகினேன். மறுநாளே தகர வேலைக்காரரைக் கூப்பிட்டுப் பித்தளைத் தகட்டில் மெடல் வெட்டச் சொல்லிவிட்டார். கொட்டகை ஊரைவிட்டுக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை பகலில், வருஷா வருஷம், நல்லாய் நடித்தவர்களுக்கு மெடல் கொடுப்பது என்று ஏற்பாடு. வந்தவர்களுக்கெல்லாம் இலவசச் சோடா. சோடாவுக்காகத் தோட்டத்து ஜனம் நாலு திசையிலிருந்தும் திரண்டு வந்தது.

யாருக்கு மெடல் என்பதை முடிவு செய்வது அவர் ஒருவரே. நடிகர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. தொப்பிக்காரன், மீசைக்காரன், சுருட்டைமுடி அம்மா என்று அவராகப் பெயர் வைத்திருந்தார். முதல் வருஷம் சிறந்த நடிகர் மெடலைப் படம் தொடங்கியதும் சுடப்பட்டு விழுகிற ஓர் ஆளுக்குக் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"முதலாளி, அவன் வந்ததும் செத்துப் போறான். அப்புறம் படத்துலயே இல்ல!"

"அதான் தம்பி. செத்தவன் செத்தவனாவே கெடந்தான். பக்கத்துல குதிரை ஓடுது, வெடி வெடிக்குது. கண்ணச் சிமிட்டினானா? ஓடி ஆடறத எவனும் செய்வான். சும்மா கெடக்கறதுதான் கஷ்டம்."

சும்மா இருந்து அவருக்குப் பழக்கமே இல்லாததால் அது பெரிய வித்தையாகத் தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகனுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். பெண்ணைப் பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போனவனுக்கு மெடல் கிடையாதாம்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பெரட்டுச் சட்டம் ஒன்றைப் போட்டார் பாருங்கள். தோட்டத்தில் பெரட்டுக்கு வந்து நின்று குரல் கொடுத்தால்தான் அன்றைய நாளுக்குப் 'பேரு' விழும். பேரு விழுந்தால்தான் கூலி. பாதி வேலை செய்தவனுக்கு அரைப் பேரு. வராதவனுக்கு ஒன்றும் இல்லை. மெடலுக்கும் அதே சட்டம் என்றுவிட்டார். மூன்று தடவை கூப்பிடுவார். ஆள் எழுந்து "இருக்கேங்க" என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மெடல் பெட்டிக்குள் போய்விடும். சீமையில் இருக்கிற வெள்ளைக்காரன் பதுளைக்கு வந்து எப்படிக் குரல் கொடுப்பான்? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றாள். மாற்றாள் பிடிக்கிற வேலை யார் தலையில் விடிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செத்தவனுக்கு பசார் நாவிதரைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் மேடையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "செத்தவன் எப்படிங்க குரல் குடுப்பான்?" என்று சட்டம் பேசினார். முதலாளி நெடுநேரம் யோசித்து, படுத்தபடியே கையைத் தூக்கினால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளைக் குதிரைக்கு மெடல் என்று துரை பங்களாக் குதிரை ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்தோம். ஜனம் கைதட்டிய சத்தத்தில் அது மிரண்டு, கொட்டகைக் கயிற்றை அறுத்துக்கொண்டு, கழுத்தில் மெடலோடு ஆற்றங்கரைப் பக்கம் ஓடியது. பின்னால் ஓடியவன் நான். முதலாளி மேடையில் நின்றபடி, "குரல் குடுத்துருச்சு! பேரு போட்டாச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மீசைக்காரனுக்கு, அதாவது வில்லனுக்கு, மெடல். விஷயம் தெரியாத ஒரு சில்லறைக் கங்காணி, பத்திருபது ஆட்களை மேய்ப்பவர், அதை வாங்கி மாட்டிக்கொண்டு பெருமையாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தார். படம் பார்த்திருந்த லயத்துச் சனங்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், அது யாருடைய மெடல் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மறு ஞாயிறு சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு சோடாக் கடைக்கு வந்துவிட்டார். முதலாளி அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போயிருந்தார். ஏச்சு முழுவதையும் நின்று வாங்கியது நான்.

அதற்கும் அடுத்த வருஷம்தான் என் தலைக்கே கத்தி வந்தது. பூனாகலைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள் செல்லம்மாவை எனக்குக் கொடுப்பாரா என்று ஜவுளிக் கடைக்காரர் ஆள் விட்டுக் கேட்டிருந்தார். துணி எடுக்கக் கடைக்கு வந்தபோது நான் பார்த்த பெண்தான். இரண்டு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு எது நல்லது என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்ல மறந்து நின்றேன். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் எனக்காக உரிமையோடு போய்ப் பேசச் சொந்தமென்று ஓர் ஆள் கிடையாது. தகப்பனார் நான் கப்பலேறும் முன்பே காலமாகிவிட்டார். பெரிய கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, "ஊருல பையனுக்கு என்ன மதிப்புன்னு பாக்கணும். மெடல் குடுக்கிற அன்னைக்கு வாரேன். பாத்துட்டு வாக்குக் குடுக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். போயும் போயும் அந்த நாளையா பிடிக்க வேண்டும்?

முதலாளியிடம் ஓடினேன். "முதலாளி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த ஒரு வருசம் என்னை மேடைப் பக்கம் கூப்பிடாதீங்க. என் வாழ்க்கையே இதுல இருக்கு."

"நான் ஏன் தம்பி கூப்பிடறேன்? நீ மாமனார் பக்கத்துல ஜம்முனு உக்காரு."

சொன்னபடியே கூப்பிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பெரிய கங்காணி தலைப்பாகையும் கோட்டுமாக முன் வரிசையில் இருந்தார். பக்கத்தில் நான். பெண்கள் பக்கத்தில் தாயாரோடு செல்லம்மா. எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியாக மேடையில் குரல் கேட்டது.

"சுருட்டைமுடி அம்மா!"

பதில் இல்லை. அந்த அம்மாவுக்கு வழக்கமாகக் குரல் கொடுக்கிறவள் சந்தையில் பணியாரம் சுடுகிற கிழவி. மகளுக்குப் பிரசவம் என்று அவள் அன்று காலையில்தான் ஹல்துமுல்லைக்குப் போயிருந்தாள். எனக்கே தெரியாது.

"சுருட்டைமுடி அம்மா!"

வேறு பெண்கள் யாரும் எழவில்லை. வெள்ளைக்காரியின் பேருக்கு, அதுவும் ஆண்கள் நடுவில், எவள் எழுந்திருப்பாள்? முதலாளி கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். சட்டத்தை மாற்றமாட்டார் மனிதர். அந்தப் படத்தில் அந்த அம்மா அழுத போதெல்லாம் கூடவே அழுதவர் அவர். மெடலைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. என் பக்கம் திரும்பவே இல்லை. கூப்பிடமாட்டேன் என்று சொல்லியிருந்தாரே! திரும்பியிருந்தால் நான் முறைத்திருப்பேன். திரும்பாமல் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது தடவை கூப்பிடும்போது குரல் எழும்பவில்லை. "சுருட்டைமுடி அம்மா..."

"இருக்கேங்க!" என்றேன்.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பெரிய கங்காணி எழுந்தார். "பொம்பளப் பேருக்குக் குரல் குடுக்கிறவனுக்கா எம் பொண்ணு? வண்டியப் பூட்டச் சொல்லு!" நான் மெடலை வாங்கிக்கொண்டு நின்றேன். வேறு எங்கே போவது?

முதலாளி மேடையிலிருந்து குதித்து வண்டிக்குப் பின்னால் ஓடினார். இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் கெடுக்கத்தான் போகிறார் என்று நானும் ஓடினேன். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் பெரட்டுக் குரலிலேயே ஆரம்பித்துவிட்டார். பசார் முழுவதும் கடையைவிட்டு வெளியே வந்து நின்றது.

"கங்காணி! நில்லுங்க! முன்ன பின்ன தெரியாத ஒரு பொம்பள. அவ பேரு விட்டுப் போகக் கூடாதேன்னு, ஊரு சிரிக்கும்னு தெரிஞ்சே எந்திரிச்சான் இவன். நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சே எந்திரிச்சான். உங்க மக பேரு விட்டுப் போக விடுவானா? இவனை விட்டா இந்த மாதிரி ஒரு கிறுக்கன் உங்களுக்குக் கிடைப்பானா?"

கிறுக்கன் என்ற வார்த்தை இல்லாமலே இதைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வண்டிக்குள் செல்லம்மா தாயாரின் காதில் ஏதோ சொன்னாள். தாயார் கங்காணியின் காதில் சொன்னாள். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"இன்னைக்கு அரைப் பேருதான் போட்டிருக்கேன். மிச்சத்த ஆவணியில பாத்துக்கலாம்" என்றார். வண்டி போயிற்று.

ஆவணியில் பூனாகலைக் கோயிலில் கல்யாணம். முதலாளி வண்டி நிறையச் சோடாவோடு வந்து இறங்கி, பந்தல் கால் கோணல், மேளம் மந்தம், சாதம் குழைவு என்று எல்லோர் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஓர் ஓரமாக உட்காருங்கள் என்று நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. பூசாரி தலையைத் தூக்கி, "மாப்பிள்ளையோட தகப்பனார் யாருங்க? முன்னால வாங்க" என்றார்.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், மலையே அதிர்கிற மாதிரி எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இருக்கேங்க!"

தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்பா என்று கூப்பிடத்தான் எனக்கு வாய் வந்தது. "மெதுவா முதலாளி, காது போகுது" என்றுதான் சொன்னேன்.