ஆர்னேவுக்கு ஒரு மீன்

"செத்த முட்டை வேணுமா, உயிர் முட்டை வேணுமா?" என்று கடைக்காரர் கேட்டது கடை முழுக்கக் கேட்டது.

வெண்டல் ஹாஸ்கின்ஸ் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். சொந்த ஊரில் யாராவது பார்த்துத் தொலைப்பார்கள் என்றுதான் மழையில் மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊர்த் தூண்டில் கடைக்கு வந்திருந்தான். வந்த இடத்தில் இந்த மனிதர் ஒலிபெருக்கியை விழுங்கியவர்போலப் பேசுகிறார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"எதுக்கு? கஞ்சாவையே எதிர்க்கடையில போர்டு வெச்சு விக்கிறான். இது வெறும் பிளாஸ்டிக் மணிங்க."

"சரி, எது நல்லா எடுக்கும்?"

"செத்த முட்டைதான். பால் மாதிரி வெளுத்துப் போயிருக்கு பாருங்க, இது. இதப் பாத்தா ஸ்டீல்ஹெட் மீனுக்குப் பைத்தியமே புடிச்சிரும்."

சால்மன் மீன்கள் ஆற்றில் சினை இறக்கிவிட்டுச் சாகும். அந்தச் சினை முட்டைகள் தண்ணீரோடு உருண்டு வரும். கடலிலிருந்து ஏறி வருகிற ஸ்டீல்ஹெட் அதில் வாய் வைத்துப் பார்க்காமல் விடாது. அந்த முட்டையைப்போலவே செய்த மணியைத் தூண்டில் நரம்பில் கோத்து, பல்குத்தும் குச்சியின் துணுக்கைச் செருகி நகராமல் நிறுத்தி, இரண்டு விரல்கடை கீழே வெறும் முள்ளைக் கட்டுவார்கள். மீன் மணியை வாயில் வாங்கும், ஏமாந்தோம் என்று துப்பும். அதற்குள் நரம்பு இழுபட்டு, முள் வெளியிலிருந்து வந்து தாடையில் ஏறிவிடும். தூண்டில்காரன் சுண்டி இழுக்கவே வேண்டாம். குறட்டை விட்டாலும் மீன் மாட்டும்.

சட்டப்படி இதில் தப்பில்லை. சங்கப்படிதான் தப்பு. வெண்டலின் ஊரில் இருக்கும் இறகுச் சங்கத்தில், முள்ளின் மேல் இறகைச் சுற்றிக் கட்டிய பூச்சித் தூண்டிலைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. போன வருட விருந்தில் வெண்டலே எழுந்து நின்று முழங்கியிருந்தான். "பசிச்சு வந்தவனைச் சோத்துக்குக் கூப்பிட்டுட்டு, கதவுக்குப் பின்னால கட்டையோட நிக்கிற வேலை இது!" கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. அவன் சங்கத்தின் செயலாளர் வேறு.

அந்த விதியை எழுதியவர் ஆர்னே நீமி. அவருக்காகத்தான் இப்போது வெண்டல் செத்த முட்டை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஆர்னே மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் புற்று. வசந்தத்தில் சால்மன்பெரிச் செடி பூக்கும்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவி தன்னை விட்டுப்போன வருடத்தில் வெண்டல் பைத்தியம் பிடித்தவன்போல் கிடந்தபோது, சாயங்காலம் தவறாமல் வந்து ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனவர் ஆர்னே ஒருவர்தான். அவருக்காக வெண்டல் பொய் சொல்வான், திருடுவான், சங்கத்துக்கும் துரோகம் செய்வான்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் விசிலடித்து மீனைக் கூப்பிடுகிற ஆள் என்று பெயர் வாங்கிய ஆர்னே, மூன்று குளிர்காலமாக ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. வெறுங்கையோடுதான் திரும்புவார். அதிலும் சிரித்துக்கொண்டே திரும்புவார். எத்தனை பெரிய மனசு என்று சங்கத்தில் உச்சுக்கொட்டுவார்கள். வெண்டலுக்கோ வயிறு எரியும்.

இந்தக் குளிர்காலத்தில்தான் அவனுக்குக் காரணம் பிடிபட்டது. ஆர்னேவின் கால் நிற்காததால், பின்னால் நின்று அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்வது அவன் வேலையாயிற்று. அப்போது பார்த்தான். நரம்பு துடிக்கும். தூண்டில் கம்பின் நுனி தலையாட்டும். பிறகு ஒன்றும் இருக்காது.

"மீனா, பெருசு?" என்று கிழவரிடம் கேட்பான்.

"கல்லுடா, கல்லு" என்று சிரிப்பார் ஆர்னே.

கல்லாவது, மண்ணாவது. அது மீன். முள்ளைச் சுண்டிப் பதிய வைக்க அவர் கையில் தெம்பில்லை. இந்த மனிதர் ஒரு மீனையாவது தொடாமல் கண்ணை மூடினால் தன் மனசு ஆறாது என்று வெண்டல் முடிவு கட்டினான். தெம்பே தேவைப்படாத தூண்டில் ஒன்று உலகத்தில் இருக்கும்போது என்ன கவலை?

"ரெண்டு பாக்கெட் குடுங்க" என்றான் கடைக்காரரிடம்.

மறுநாள் காலை ஆர்னேவின் மனைவி லெம்பி வாசலில் நின்று அவருடைய கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

"நேரத்தோட கூட்டிட்டு வந்துடு வெண்டல். சூப் வெச்சிருக்கேன். ஆத்துலேருந்து வந்தாத்தான் இந்த மனுஷன் ரெண்டு வாய் சாப்பிடுறாரு."

"இன்னைக்கு நாலு வாய் சாப்பிடுவாரு, பாருங்க" என்றான் வெண்டல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஆற்றில் பிசுபிசுவென்று தூறல். தண்ணீர் பச்சைப் பாசி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆர்னேவை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கம்பை வெண்டல் கையில் வாங்கினான்.

"குடுங்க, முடிச்சு சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"என் முடிச்சையா? நான் கட்டுனதுடா அது."

"கையில நடுக்கம் இருக்குல்ல பெருசு."

"நடுக்கம் கையிலதான்டா, முடிச்சுல இல்ல" என்று ஆர்னே இருமினார்.

இருமல் அடங்குவதற்குள் வெண்டல் முதுகைக் காட்டித் திரும்பி, இறகுப் பூச்சியைப் பார்க்காமலே பல்லால் கடித்துத் துண்டித்தான். அது தண்ணீரில் விழுந்து போய்விட்டது. மணியைக் கோத்தான், குச்சியைச் செருகினான், புது முள்ளைக் கட்டினான். விரல் விறைத்து, முள் இரண்டு தடவை அவனையே குத்தியது. செய்கிற காரியத்துக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆர்னே எழுந்தார். வெண்டல் வாரைப் பிடித்தான். வீசினார். இறகுப் பூச்சி தண்ணீரில் விழுந்தால் சத்தமே கேட்காது. இது 'பொளக்' என்றது.

"என்னடா இது, கல்ல கட்டி விட்டுட்டியா?"

"ஈரம் ஏறிருச்சு பெருசு. இறகு கனக்குது."

"தண்ணிக்குள்ள போற சாமானுக்கு ஈரமாம்" என்று முனகிவிட்டு, ஆர்னே மறுபடி வீசினார். அவருக்குக் கண்ணில் புரை. இல்லாவிட்டால் குட்டு அப்போதே உடைந்திருக்கும்.

மூன்றாவது வீச்சுக்கு வேறு வில்லங்கம் வந்தது. எதிர்க்கரையில் சிவப்பு மழைக்கோட்டு ஒன்று புதரை விலக்கிக்கொண்டு வெளிப்பட்டது. சங்கத் தலைவி மாக்சின் ப்ரூயிட். எதிர்க்கரையில் இருந்தபடியே இறகின் சாதி சொல்லிவிடுகிற கழுகுக் கண் அவளுக்கு.

"ஆர்னே! ஏதாவது வந்துச்சா?"

"கல்லுதான் வருது, மாக்சின்!"

"இருங்க, நான் அங்க வரேன்!"

வெண்டலுக்கு உள்ளங்கால்வரை வியர்த்தது. "போதும் பெருசு, சுத்துங்க. நரம்ப உள்ள இழுங்க. முடிச்ச மாத்தணும்" என்று அவசரப்படுத்தி, கை நீட்டித் தானே நரம்பை இழுத்தான். இழுத்த நரம்பு திரும்ப இழுத்தது.

ஆற்றின் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒன்று எகிறிக் குதித்து விழுந்தது. கம்பிலிருந்த நரம்புச் சுருள் கிறீச்சிட்டது. தொடை பருமன் இருந்த மீன், கீழ்நோக்கிப் பாய்ந்தது.

"மீன்! பெருசு, மீன்!" என்று வெண்டல் கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஆர்னே பேயறைந்தவர்போல நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்படி..." என்றார். பிறகு, "வெட்டிவிடு" என்றார்.

"என்னது?"

"நரம்ப வெட்டுடா. வெட்டிவிடு."

"பயப்படாதீங்க. கை வலிச்சா நான் தாங்கிக்கிறேன். இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கு, விடுறதா?"

"வெண்டல், சொல்றதக் கேளு..." அதற்குமேல் பேசவிடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. வெண்டல் அவரைப் பின்னாலிருந்து அணைத்து, கம்பை அவர் கையோடு சேர்த்துப் பிடித்து, அவரை வைத்தே மீனை இழுத்தான். ஆர்னேவின் கைகள் அவன் கைகளுக்குள் கிடந்தன. அவ்வளவுதான்.

மீன் கரையோரம் ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தது. வெண்டல் முட்டியளவில் இறங்கிப் பார்த்தான். முள் வெளியிலிருந்து கன்னத்தைத் துளைத்துச் செவுளுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் சிவந்துகொண்டே போயிற்று. பெண் மீன். வயிறு நிறையச் சினை. முதுகின் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தது. பண்ணையில் வளர்த்து விட்ட மீன் என்றால் அடையாளத்துக்கு அதை வெட்டியிருப்பார்கள். இது காட்டு மீன். கொல்லவே கூடாது, தண்ணீரை விட்டுத் தூக்கினாலே அபராதம்.

இந்த நேரம் பார்த்து மாக்சின் கோலூன்றி ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். வெண்டல் முள்ளைப் பிடுங்கினான், நரம்பைக் கடித்தான். மணியை வீசினால் மிதந்து அவளிடமே போகும். சட்டைப்பையோ ரப்பர் உடைக்குள் எங்கோ இருந்தது. வேறு வழியில்லாமல் வாயில் போட்டுக்கொண்டான்.

"வாழ்த்துக்கள் ஆர்னே! வெண்டல், எந்தப் பூச்சி எடுத்துச்சு?"

"ம்."

"ம்னா? ஊதாவா, கறுப்பா?"

"ம்ம்."

"வாயத் தொறந்து சொல்லேன்!"

வெண்டல் விழுங்கிவிட்டான். மணி தொண்டையில் ஒரு நிமிடம் குடியிருந்துவிட்டு இறங்கியது. "ஊதா" என்றான், கண் பிதுங்க.

மாக்சின் குனிந்து மீனின் கன்னத்தைப் பார்த்தாள். வெளியே இருக்கும் ஓட்டையைப் பார்த்தாள். நிமிர்ந்து வெண்டலைப் பார்த்தாள். சங்கத்திலிருந்து தன் பெயர் அடிக்கப்படுவது அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"அடப்பாவி" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு நாற்காலியில் சரிந்திருந்த ஆர்னேவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மாக்சினின் முகம் இளகிவிட்டது.

"அழகான மீன், ஆர்னே!" என்று உரக்கச் சொன்னாள். "ராணி மாதிரி இருக்கா!"

"உசிரோட போகுதா?" என்று கேட்டார் ஆர்னே.

வெண்டல் மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். செவுள் ஒருமுறை திறந்தது. பிறகு திறக்கவில்லை. கையை எடுத்ததும் மல்லாந்தது.

"போயிருச்சு!" என்றாள் மாக்சின். வாழ்நாளில் சங்க விதி ஒன்றையும் மீறாதவள் சொன்ன முதல் பொய். "வால ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்!"

மீன் போகவில்லை. அந்த இடத்தில் ஒரு சுழல். வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நிதானமாக ஒரு வட்டம் அடித்து, ஆர்னேவின் காலடிக்கே வந்தது. வெண்டல் ஓடிப்போய் நடுவில் நின்றான். மீன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. மாக்சின் கோட்டை அகல விரித்துக்கொண்டு அங்கே நின்றாள். அது மறுபடி வந்தது. செத்த மீனோடு இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடினார்கள். கடைசியில் வெண்டல் அதைக் காலால் அமுக்கி, ஒரு பாறாங்கல்லைத் தூக்கி மேலே வைத்தான்.

"என்னடா செய்றே?"

"கால் வழுக்குது பெருசு. கல்லு போடுறேன்."

ஆர்னே அவனையே பார்த்தார்.

வண்டியில் வரும்போது அவர் வாய் திறக்கவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் பேச்சு வராது என்பது எத்தனை உண்மை என்று வெண்டல் நினைத்தான். செவுளில் வழிந்த ரத்தம் அவன் நினைவில் வந்து வந்து போயிற்று. இருக்கட்டும், அந்தப் பாவம் தன்னோடு போகட்டும். இந்த மனிதர் நிறைவாகப் போவார்.

வீட்டில் ஆர்னே நேரே படுக்கையறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சூப் வேண்டாம் என்று கையாட்டிவிட்டார்.

லெம்பி சமையலறையில் வெண்டலுக்குக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்து வைத்தாள்.

"என்ன ஆச்சு அவருக்கு? ஆத்துலேருந்து வந்தா பாட்டுப் பாடுவாரே."

வெண்டலால் அதற்குமேல் அடக்கிவைக்க முடியவில்லை.

"மீன் மாட்டிருச்சு, லெம்பி! இந்தத் தண்டி! நின்னு அழுதுட்டாரு மனுஷன்."

லெம்பி காப்பிப் பானையை மேஜையில் வைத்தாள்.

"ஆர்னே தூண்டில்லயா? அதுல எப்படி மாட்டும்?"

"ஏன் மாட்டாது? மூணு வருஷமா ஏங்கிக் கெடந்தவரு. கடைசியா ஒண்ணாவது கெடைச்சுதேன்னு..."

லெம்பி படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மூணு வருஷமா முள்ளோட முனைய வெட்டிப் போட்டுட்டுத்தான் அவரு ஆத்துக்கே போறாரு, வெண்டல், மீனு வந்து ஒரு இழுப்பு இழுத்துட்டு, உசிரோட போகணும்னு."