வெங்காயம் வெட்டிய இந்தோனேசிய உழவன்

லா சப்பல், பாரிஸ்
ஐப்பசி 1985

பேரன்புக்குரிய குலசேகரம் மாமா அவர்கட்கு,

தங்கள் முழங்கால் வலியும் என்மேல் மாமிக்குள்ள கோபமும் ஒருங்கே தணிய நல்லூர்க் கந்தனை வேண்டி மருமகன் குணரத்தினம் எழுதுவது. ஒழுங்கான வீடு எடுத்தால்தான் மகள் பூரணியைப் புருசனிடம் அனுப்புவேன் என்று எழுதியிருந்தீர்கள். வீடு கிடைத்துவிட்டது மாமா! கிடைத்த விதத்தைக் கேளுங்கள்.

சித்திரையில் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு குழு, தங்கள் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டதென்று காட்ட இங்கே கண்காட்சி நடத்தியது. எனக்குக் குசினியில் வெங்காயம் வெட்டும் வேலை. கண்ணெரிவு தாங்காமல் வெளியே வந்து ஓர் அரிசி மூட்டையில் சாய்ந்தேன். உடனே ஒரு படக்காரர் ஓடிவந்து, என் தோளில் பூப்போட்ட துணியொன்றைப் போட்டுப் படமெடுத்தார். நானும் அழுதபடியே நன்றி சொன்னேன்.

எங்கள் மேல்மாடியில் சுலார்சோ என்றொரு இந்தோனேசியச் சமையல்காரர் இருக்கிறார். அரசை எதிர்த்ததால் ஊர் திரும்ப முடியாதவர். என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவார். குளிர்காலம் முழுக்க எனக்குச் சோறு போட்ட புண்ணியவான். ஒருநாள் தன் நாட்டுப் பத்திரிகையொன்றைக் கொண்டுவந்து விரித்தார். அதில் நான்! கீழே, 'களஞ்சியம் நிறைந்தது கண்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் உழவன்'.

"ஐயோ அண்ணை, அது வெங்காயம்!"

"தம்பி, எங்கட சனம் நாட்டைப் படத்திலதான் பாக்குது. ஆட்சியில இருக்கிற பெரியாக்கள் நெற்கதிரோட சிரிப்பினம். பக்கத்தில நிண்டு அழுறவனை வெட்டிப்போடுவினம். உன்னை மட்டும் ஏன் வெட்டேல்லை எண்டுதான் யோசிக்கிறன்."

சொல்லிவிட்டு அவரே கத்தரிக்கோலை எடுத்துப் படத்திலிருந்த அரிசி மூட்டையை வெட்டியெறிந்தார். அவரைப் போல் நாடு திரும்ப முடியாதவர்கள் பிரெஞ்சில் அச்சிடும் தாளில் என் முகத்தை மட்டும் போட்டார். 'நாடு திரும்ப வழியின்றிக் கலங்கும் உழவன்.' மூட்டை இருந்தால் ஆனந்தம், இல்லாவிட்டால் சோகம். சோறு போட்ட மனிதரிடம் நான் எப்படி மறுப்பேன், மாமா?

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, சென் தெனியிலிருந்து ஜிஸ்லேன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கம்பளிக் கோட்டோடு என்னைத் தேடி வந்தார். நாங்கள் முறைவைத்துப் படுக்கும் அறையைப் பார்த்து வாயில் கைவைத்தார். "என்ரை வீட்டு மேல்மாடி சும்மாதான் கிடக்குது. மனிசியையும் கூப்பிடுங்கோ" என்றார்.

உண்மையைச் சொன்னால் வீடு போகும், பூரணியும் வரமாட்டாள். சொல்லாவிட்டால் அந்த மனுசியின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லிவிட்டேன்.

"மதாம், நான் இந்தோனேசியன் இல்லை. யாழ்ப்பாணத் தமிழன். அது வெங்காயக் கண்ணீர்."

மதாம், தன்னைக் கூட்டிவந்த சுலார்சோவின் பக்கம் திரும்பி, "உங்கட அரசாங்கம் செய்யிறதையே நீங்களும் செய்தால் நான் ஆரை நம்புறது?" என்று பள்ளிக்கூடப் பிள்ளையை ஏசுவதுபோல் ஏசினார். அவர் தலைகுனிந்து, அடுத்த தாளில் திருத்தம் போடுவதாகச் சொன்னார், போட்டும்விட்டார். பிறகு மதாம் என்னிடம், "குளிர் தமிழருக்கும் குளிர்தானே? கோட்டைப் போடுங்கோ, கை நீளம் பாப்பம்" என்றார். அன்று நான் அழுதது மெய்யாகவே, மாமா.

படக்காரருக்கும் சுலார்சோவுக்கும் மதாமுக்கும் நான் ஏழு பிறப்புக்கும் கடன்பட்டவன். இனி எவருக்காகவும் இந்தோனேசியனாக நிற்பதில்லை என்று மதாமிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பூரணியின் பயண அலுவலை உடனே தொடங்குங்கள். மாமிக்கும் உங்களுக்கும் என் பணிவான வணக்கம்.

மருமகன்
குணரத்தினம்

பி.கு.: ஞாயிறன்று மதாம் வீட்டில் விருந்து. வந்தவர்கள் திருத்தத்தை வாசிக்காதவர்கள். மதாம் கோப்பி போட உள்ளே போனதும், "இந்தோனேசிய உழவர் பேசட்டும்" என்று கைதட்டினார்கள். எழும்பினேன். ஊரில் ராணுவம் வாசற்படலை தட்டும் சத்தத்துக்கு நெஞ்சு பதறுவதையும், உங்கள் கடிதம் வராத மாதங்களையும் தமிழில் சொன்னேன். தமிழே தெரியாத சுலார்சோ பக்கத்தில் நின்று, தன் ஊரையும் தாயையும் பற்றிப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சை வைத்துக் கவனமாகக் கேட்டேன். ஒரு சொல்லும் பிழையில்லை.