நடந்து போன கல்

கல் நகர்ந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் திரையில் அதன் இரு பக்கமும் குறி வைத்து, "வலது கிட்னில மூணு மில்லிமீட்டர் கல்லு ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள், அந்தக் கல் கிட்னியை விட்டுக் கிளம்பி, கல்லீரல் வழியாக மேலே ஏறி, நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் சற்று நின்று, பறந்து போனது.

படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "கல்லு போயிடுச்சா டாக்டர்?"

"போயிடுச்சு." வேறு என்ன சொல்வது?

"நீங்க கைராசிக்காரங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போனதும் டோக்கன் அக்காவுக்கு அழைப்பு வந்தது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் அந்தப் பெயர். வேலை தற்காலிகம்தான். மாதக் கடைசியில் நிரந்தரமாகும் என்று பேச்சு. வீட்டில் மட்டும் எப்போதோ நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தாள். இப்போது அவள் முகத்தில் ஈயாடவில்லை. இருந்த ஈயெல்லாம் திரையில் இருந்தது.

"இது எங்கேர்ந்து வருது?"

"ஹால்ல இருக்கிற செடியிலேர்ந்து மேடம்."

"என்ன பூச்சி?"

"சின்னப் பூச்சி மேடம்."

"மூணு மில்லிமீட்டர். நான் அளந்தே பாத்துட்டேன். பேரு என்ன, ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சு ஒழிச்சுக் கட்டுங்க. அப்புறம்தான் உங்க ஆர்டர்ல கையெழுத்து."

செடியையே ஒழித்துக் கட்டலாமே என்றால், முடியாது. அந்த அகல இலைச் செடி டாக்டரம்மாவின் மாமியார் கொடுத்தது. அந்த அம்மாள் எப்போது வந்தாலும் முதலில் செடியைத்தான் நலம் விசாரிப்பார். மருமகள் இரண்டாவது.

டோக்கன் அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். கெட்டிக்காரி. நோயாளிகளை அவள் மேய்க்கும் அழகே தனி. ஸ்கேனுக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் அல்லவா? ஆளுக்கொரு பெரிய பாட்டில் கொடுப்பாள். காலி பாட்டில் மேசைக்கு வந்தால்தான் டோக்கன் நகரும் என்பது அவள் போட்ட சட்டம். அது வந்த பிறகு ஹாலில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

பூச்சியைப் பிடிக்க, ஸ்கேன் ஜெல்லை ஓர் அட்டையில் தடவிச் செடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பூச்சி ஒட்டியது. படம் எடுத்து, நாத்தனார் சேர்த்துவிட்டிருந்த 'வீட்டுக்குள்ளே தோட்டம்' குழுவில் போட்டாள்.

"அசுவினி" என்றார் ஒருவர்.

"மாவுப்பூச்சி. அசுவினின்னு சொல்றவங்க கண்ணாடி மாத்தணும்" என்றார் இன்னொருவர்.

"ரெண்டும் இல்ல, தூசி" என்றார் மூன்றாமவர்.

நான்காமவர் ஒரு ரோஜாப்பூ அனுப்பிக் காலை வணக்கம் சொன்னார். அதன் பிறகு அசுவினிக்காரரும் மாவுப்பூச்சிக்காரரும் ஒருவர் செடியை ஒருவர் இழுத்துப் பேச ஆரம்பித்தார்கள். குழுவை விட்டு மூன்று பேர் வெளியேறினார்கள்.

நாத்தனாரே போன் செய்தாள். "அண்ணி, றெக்கை எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க."

டோக்கன் அக்கா ஈ ஒட்டிய அட்டையும் பூதக்கண்ணாடியுமாக மேசைக்கடியில் குனிந்தாள். "ரெண்டு. காலு ஆறு. மீசை நீளமா இருக்கு."

"அது மண் ஈ. எந்நேரமும் ஈரமா இருக்கிற மண்ணுலதான் முட்டை வைக்கும். நீங்க தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தறீங்க."

"வாரத்துக்கு ஒரு டம்ளர்தாம்மா ஊத்தறேன்!"

"மண்ணுல விரல வெச்சுப் பாருங்க."

விரல் முழுசாக உள்ளே போனது.

"இனிமே ஒரு சொட்டு ஊத்தாதீங்க. மண்ணு காஞ்சா ஈ தானா போயிடும்."

ஊற்றவில்லை. மண் காயவும் இல்லை. முன்பைவிடச் சேறானது.

நர்ஸ்மீது சந்தேகம் வந்தது. "நீ ஏதாவது தண்ணி ஊத்தறியா?" என்று கேட்டுவிட்டாள்.

"எனக்குத் தண்ணி குடிக்கவே நேரமில்ல, இதுல ஊத்த வேறயா?" என்று சொன்ன நர்ஸ் அன்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள்.

அடுத்து மேலே இருந்த ஏசிமீது சந்தேகம். மெக்கானிக் வந்து அண்ணாந்து பார்த்தார். "ஏசி சொட்டணும்னா மொதல்ல அது குளிரணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் கண்ணிலும் கையிலும் படாத இடத்தில் வைப்போம் என்று, தொட்டியைக் கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் மூலைக்குத் தள்ளினாள். அதன் பிறகு தொட்டிக்கு அடியில் இருந்த தட்டிலும் தண்ணீர் நின்றது. ஈக்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பின. மஞ்சள் பசை அட்டை வாங்கித் தொங்கவிட்டாள். அதில் நாற்பது ஈயும் ஒருவருடைய தாடியும் மாட்டின. தாடியை மீட்க ஜெல் தேவைப்பட்டது.

போதாக்குறைக்கு, டாக்டரம்மா வேறு எரிந்து விழுந்தார். "படமே தெளிவா வரல. யாருக்கும் மூத்திரப்பை நிறையவே மாட்டேங்குது. தண்ணி குடிக்கிறாங்களா இல்லையா?"

"காலி பாட்டில் வராம நான் உள்ள விடறதே இல்ல மேடம்."

"அப்போ மெஷினுக்குள்ள ஈ பூந்திருக்கும். எதுக்கும் இன்னொரு பாட்டில் சேத்துக் குடுங்க."

கொடுத்தாள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு பாட்டிலும் ஒரு பாட்டிலைவிடச் சீக்கிரமாகக் காலியாகி வந்தன. மெஷின் கம்பெனி ஆள் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செடி மஞ்சளாகித் தலையைத் தொங்கப்போட்டது. டோக்கன் அக்கா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். நிரந்தரமான வேலை எப்படிப் போகும் என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது? முகத்தைக் கழுவும்போதுதான் அந்த யோசனை வந்தது.

"மேடம், செடிக்கு உங்க மாமியார் கைதான் ஒத்துவரும்போல இருக்குன்னு சொல்லி, அவங்ககிட்டயே அனுப்பிடுங்களேன்."

டாக்டரம்மா அவளை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் செடி காரில் ஏறியது. மாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் என்று கேள்வி. கடைசி ஈ வரைக்கும் நர்ஸ் மருந்தடித்தாள். பேசாமலேதான் அடித்தாள்.

திங்கட்கிழமை காலை ஹாலில் ஓர் ஈகூட இல்லை. டாக்டரம்மா ஆர்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கே வந்தார்.

"பரவால்லயே, சாதிச்சிட்டீங்க."

"அந்த ஈரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் மேடம் கடைசி வரைக்கும் புரியல."

"விடுங்க. இனி யோசிச்சு என்ன ஆகப்போகுது?" டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

மாதம் தவறாமல் ஸ்கேனுக்கு வரும் பெரியவர் ஒருவர் அப்போது இரண்டு கைகளிலும் நிறைந்த பாட்டில்களோடு கடைசி வரிசைக்குப் போனார். நாற்காலிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். திரும்பி நேராக மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தச் செடிய எங்க தூக்கிட்டுப் போனீங்க? இனிமே நாங்கள்லாம் இந்தத் தண்ணிய எதுல ஊத்தறது?"