நாற்பது நிமிட ஊமை

மனிதர்கள் மாற முடியும் என்று யாராவது சொன்னால் நான் இன்றும் பேச்சை மாற்றிவிடுவேன். நான் ஒருமுறை மாறிப் பார்த்திருக்கிறேன், நாற்பது நிமிடத்துக்கு. அதற்குள் அக்காவின் சம்பந்தம் முறியப் பார்த்தது, அப்பா பொய்யரானார், நான் பிறவி ஊமையானேன்.

நான் வாயாடி. (அம்மாவின் மொழியில் "ஓட்ட வாய்".) அக்கா புவனா எனக்கு நேர் எதிர். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க ஏழு நாள், ஒரு முழுக் கிழமையாகும். அவளுக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தங்களும் என்னால்தான் கெட்டன. முதல் மாப்பிள்ளையின் அம்மாவிடம், அக்கா தூக்கத்தில் எழுந்து நடப்பாள் என்று சொல்லிவிட்டேன். (ஒரே ஒரு தடவைதான் நடந்தாள். அதையும் சொன்னேன், அவர்கள் காதில் வாங்கவில்லை.) இரண்டாவது மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை என்று அக்கா முணுமுணுத்ததை அவருடைய அண்ணனிடமே போய்ச் சொன்னேன். அண்ணனுக்கு முழு வழுக்கை.

மூன்றாவதாக வந்தவர் வட்டகொடைப் பக்கத்து ஆசிரியர். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. சொல்லவில்லை, அவருடைய போட்டோவைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து, இதையும் கெடுத்துவிடுவேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் பார்க்க வரும் நாள் காலையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேனகா, இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ வேற ஆளா மாறிடு. நீ வாயத் தொறந்தா ஒன் அக்கா இந்த லயத்து வீட்டுலயே கெழவியாயிடுவா."

"மாறிட்டேம்மா, சத்தியமா, இனிமே பாருங்க, நான் யாருகிட்டயும்..."

"இந்தா, இப்பவே பேசுற!"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அளவாகப் பேசுவது எப்படி என்று தெரியாது. ஒரு வார்த்தையும் பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்தேன்.

எங்கள் டிக்கோயாத் தோட்டத்தில் அன்று விடாத மழை. வேன் மேட்டில் ஏறாததால் தேயிலைச் செடிகளுக்குள்ளால் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, அத்தை. கூட்டத்துக்குத் தலைமை அத்தைதான்.

நான் தேத்தண்ணித் தட்டை நீட்டினேன். ஆளுக்கொரு கோப்பை எடுத்தார்கள்.

"பேரு என்னம்மா?" என்றார் அத்தை.

சிரித்தேன். சமையலறை வாசலிலிருந்து அம்மா அவசரமாக, "மேனகாங்க" என்றார்.

"படிக்கிறியா?"

மறுபடி சிரித்தேன். உதட்டை இறுக்கிச் சிரித்தது பல்வலிக்காரி போலத்தான் இருந்திருக்கும். அத்தை என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தன் வாயைத் தொட்டுக் கையை ஆட்டிக் கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்தேன். பயத்தில் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இல்லை என்று சோகமாகத் தலையாட்டினேன்.

அத்தை அப்பாவிடம் திரும்பினார். "பொறவியிலேயே இப்புடித்தானாண்ணே?"

அப்பா இருபத்தைந்து வருஷம் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவில் வேலை செய்தவர், காது பாதிதான் கேட்கும். என்னைப் பற்றிச் சொல்வதற்கென்று அம்மா பழக்கியிருந்ததைச் சொன்னார்.

"ஆமாங்க. பொறந்ததுலருந்தே அமைதி. ஒரு சத்தம் வராது."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்து மெதுவாக, "கவலப்படாதீங்க. தங்கச்சியையும் நாங்க பாத்துக்குவோம்" என்றார்.

என்னை ஊமை என்று நினைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் அப்பா பொய்யர். திறக்காவிட்டால் அக்காவின் கல்யாணத்திலும், அவள் பிள்ளைகளின் காதுகுத்திலும், அந்தப் பிள்ளைகளின் கல்யாணத்திலும் நான் கையை ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். உதவிக்கு அம்மாவைப் பார்த்தேன். அகப்பையும் கையுமாக உறைந்து போயிருந்தார்.

அப்போதுதான் கண்டேன். அத்தையின் கணுக்காலில் ஒரு கொழுத்த அட்டை. சேலை ஓரத்துக்குள் நுழையப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வரை எண்ணத் தொடங்கினேன். ஏழில் தோற்றேன்.

"அத்த! அட்ட!"

முதல் வார்த்தை மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

"முருகா! புள்ள பேசிருச்சு! மொத மொதல்ல என்னயத்தான் அத்தன்னு கூப்புட்டுச்சு!"

என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான் ஊமை இல்லீங்கத்த, அம்மாதான் பேசாதன்னாங்க, என்னால ரெண்டு சம்பந்தம் கெட்டுப்போச்சு, அப்பாவுக்குக் காது கேக்காது, நீங்க சாப்புடுற இந்த ரோல்ஸ் அக்கா செஞ்சதில்ல ஹட்டன் டவுன்ல வாங்குனது, நீங்க ஒக்காந்திருக்குற கதிரையெல்லாம் பக்கத்து வீட்டோடது, அக்கா ஒங்க மகன் போட்டோவத் தலகாணிக்குள்ள வச்சிருக்கா, மொதல்ல ஒங்க கால்ல இருக்குற அட்டையப் பாருங்க!"

மாப்பிள்ளையின் அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க போவோம். பொய் சொல்ல வேற விஷயமா கெடைக்கல?" அம்மா அழ ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க."

யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா. மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"பேசாதவளப் பாத்துக்குவோம்னு சொன்னீங்க. இவ பேசுவா. நெறையப் பேசுவா. இப்பவும் பாத்துக்குவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"கஷ்டந்தான். முயற்சி பண்றேன்."

அட்டையை உதிர்க்கக் காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தைதான் முதலில் வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்ததும் மாப்பிள்ளையின் அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சொல்றாங்க? சம்மதமா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

சம்மதம்தான். பதினாலு வருஷமாகிறது. நான் மாறவில்லை. அக்கா மாறினாளா என்றும் தெரியவில்லை, அடுத்த நாளே பழையபடி மௌனமாகிவிட்டாள். "அந்தக் குரல் ஒனக்குள்ள முன்னாடியே இருந்துச்சா, அன்னைக்குத்தான் வந்துச்சா?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சிரிக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த மாப்பிள்ளை இப்போது என் மச்சான். அவர் போனில் என் பெயர் "ஊமை" என்றுதான் பதிந்திருக்கிறது. நான் அழைத்தால் அக்காவின் மகள் வீடு முழுக்கக் கேட்கக் கத்துவாள்:

"அப்பா, ஊமை பேசுறாங்க!"

மச்சான் போனை வாங்கி, "சொல்லு" என்பார். மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்து போனை எடுத்து, "ம்ம், அப்புறம்?" என்பார்.